தயிருக்குப் போகும் வழியில்

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தில் என் அக்கா மகள் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். ஒரு சனிக்கிழமை தயிரும் கொத்தமல்லியும் வாங்கிவரச் சொல்லி என்னையும் அவளுடைய ஆறு வயது மகனையும் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டுக்கு அனுப்பினாள். பொருளை நாமே ஸ்கேன் செய்து நாமே பணம் கட்டும் இயந்திரம் ஒன்றின் முன் நின்றோம். தயிர் போனது. கொத்தமல்லி போனது. பிஸ்கட் போனது. நான்காவதாகப் பையன் கூடைக்குள்ளிருந்து ஒரு சின்ன டின்னை எடுத்து நீட்டினான். வெளிர் இளஞ்சிவப்பு நிறம், அதன்மேல் இரண்டு ஸ்ட்ராபெரி, ஒரு புதினா இலை, பொன்னிறத்தில் வளைந்து வளைந்து ஒரு பெயர். "இது எனக்கு, தாத்தா" என்றான்.

ஸ்கேன் செய்ததும் இயந்திரத்தின் தலையில் இருந்த விளக்கு சிவப்பாக மின்னத் தொடங்கியது. பணியாளர் ஒரு பெண் வந்தார். என் நரைத்த தலையைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், சிரித்துவிட்டார். அது ஜின். டானிக் தண்ணீரும் பழச்சாயமும் கலந்து, 250 மில்லி டின்னில் அடைத்த 5 சதவீத ஆல்கஹால். பையன் அதை எடுத்துக் கூடையில் போட்டபோது நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சர்பத் என்று நினைத்தேன்.

அந்த அடுக்கின் முன்னால் ஆறு வயதுக்கும் அறுபது வயதுக்கும் ஒரே கண்தான் இருந்திருக்கிறது. இரண்டு பேருக்கும் அந்த உறையின் மொழி படிக்கத் தெரியவில்லை. இங்கிலாந்தில் குடிக்கிற யாருக்கும் அந்த டின்னின் அளவும் உயரமும் நிறமும் உள்ளே என்ன இருக்கிறது என்று அரை நொடியில் சொல்லியிருக்கும்.

நான் குடிப்பதில்லை. பெரிய கொள்கை என்று ஒன்றும் கிடையாது. பழகவில்லை, அவ்வளவுதான். நான் வளர்ந்த ஊரில் மது என்பது கம்பி வலைக்குப் பின்னால் இருக்கிற சமாசாரம். வாங்குகிறவர் பெயரைச் சொல்லுவார், பணத்தை நீட்டுவார், பாட்டில் வெளியே வரும். 2003இல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் மொத்தமாக எடுத்துக்கொண்ட பிறகும் பெரும்பாலான கடைகளில் இதே முறைதான். எடுத்துப் பார்க்க, திருப்பிப் பார்க்க, பக்கத்துப் பாட்டிலோடு ஒப்பிட இடம் இல்லை. அங்கே லேபிள் அழகாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? லெஸ்டரில் அது கத்தரிக்காய்க்கு அடுத்த வரிசை. கடையின் மிக அழகான வரிசையும் அதுதான். அடுத்து வந்த நாட்களில், தயிர் வாங்கப் போகிற சாக்கில், அந்த வரிசையை ஒரு கண்காட்சியைப் பார்ப்பதுபோல் பார்க்கத் தொடங்கினேன். குடிக்கிற ஆசை இல்லாதவனுக்கு ஒரு வசதி உண்டு. பாட்டிலைப் பாட்டிலாக மட்டும் பார்க்கலாம்.

முதலில் கண். கையை நீட்டிக் கட்டை விரல் நகத்தைப் பாருங்கள். எந்த ஒரு கணத்திலும் நம் கண் கூர்மையாகப் பார்ப்பது ஏறக்குறைய அவ்வளவு பரப்பைத்தான். மற்றதெல்லாம் மங்கல். ஆனால் அந்த மங்கலான ஓரப்பார்வைக்கு வேறு ஒரு திறமை இருக்கிறது. அசைவையும் மினுக்கத்தையும் அது விடாமல் பிடிக்கும், பிடித்ததும் கண்ணை அந்தப் பக்கம் இழுக்கும். ஒயின் பாட்டிலின் கழுத்தில் சுற்றிய தங்கத் தாள், விஸ்கிப் பெட்டியில் சூட்டில் அழுத்திப் பதித்த வெள்ளி எழுத்து, டின்னின் உலோகப் பளபளப்பு ஆகியவை நின்றபடியே நிற்கின்றன. நடந்து போகிறவர் நாம். நாம் ஓரடி நகரும்போது அவற்றின் மேல் விழுந்த விளக்கொளி வேறு இடத்துக்கு நகர்கிறது. ஓரப்பார்வைக்கு அது அசைவு. அட்டைப் பெட்டியில் இருக்கிற கோதுமை மாவுக்கு இந்த வித்தை கிடையாது.

நிறத்துக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. 1980இல் ஆன் ட்ரீஸ்மன், கேரி ஜெலேட் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் பாடநூலாகிவிட்டது. பச்சைப் புள்ளிகளுக்கு நடுவே ஒரே ஒரு சிவப்புப் புள்ளி இருந்தால் பச்சை பத்தோ நூறோ, சிவப்பைக் கண்டுபிடிக்க ஆகும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். கண் அதைத் தேடுவதில்லை, அதுவே வந்து கண்ணில் விழுகிறது. ஆனால் 'சிவப்பாகவும் வட்டமாகவும் இருப்பது' என்று இரண்டு அடையாளத்தைச் சேர்த்துத் தேடச் சொன்னால் ஒவ்வொன்றாகப் பார்த்துப் போகவேண்டும், கூட்டம் கூடக் கூட நேரமும் கூடும். ஒவ்வொரு டின்னும் அந்த ஒற்றைச் சிவப்புப் புள்ளியாக ஆசைப்படுகிறது. நூறு டின்னும் ஆசைப்பட்டால் திருவிழாக் கூட்டத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பீப்பி ஊதுவதுபோல் ஆகிவிடுகிறது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் வெறும் வெள்ளைக் காகிதத்தில் கறுப்பு எழுத்தோடு நின்ற ஒரு பாட்டில்தான் என் கண்ணில் முதலில் பட்டது. அதன் விலையும் கூடுதலாகத்தான் இருந்தது.

பளபளப்பு நமக்கு ஏன் பிடிக்கிறது என்பதற்கு 2014இல் மூன்று ஆய்வாளர்கள் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். பளபளப்பு என்பது தண்ணீரின் அடையாளம், தண்ணீரைத் தேடி அலைந்த நம் முன்னோரின் கண் அதை விரும்பப் பழகியது, தாகமாக இருப்பவர்களுக்குப் பளபளப்பு இன்னும் அதிகமாகப் பிடிக்கிறது என்பது அவர்கள் வாதம். முடிந்த முடிவு என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் பீர் விளம்பரங்களில் பாட்டிலின் மேல் ஏன் எப்போதும் நீர்முத்துகள் உருண்டுகொண்டிருக்கின்றன என்று யோசித்தால் அவர்களை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் மனம் வரவில்லை.

டின்னின் கதை தனி. டின்னில் அடைத்த பீர் முதன்முதலில் விற்பனைக்கு வந்தது 1935இல், அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரத்தில். அலுமினிய டின் 1959இல் வந்தது. இன்றைய டின்னின் சுவர் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான், நம் தலைமுடியைப்போல ஒன்றரை மடங்கு இருந்தால் அதிகம். நெடுங்காலம் அது மலிவான பீரின் உடையாக இருந்தது. நல்ல பீர் என்றால் கண்ணாடியில்தான் வரும் என்று குடிப்பவர்கள் நம்பினார்கள். 2002இல் கொலராடோ மாநிலத்தின் ஆஸ்கர் ப்ளூஸ் என்ற சிறு பீர் ஆலை தன் பீரை டின்னில் அடைத்தது, பின்னாலேயே மற்றச் சிறு ஆலைகளும் வந்தன. நிறம் பூசிய டின்னை நேரடியாக ஆலையில் அச்சிட வேண்டுமென்றால் லட்சக்கணக்கில் வாங்கவேண்டும். சிறியவர்களுக்குக் கட்டாது. அவர்கள் வெறும் டின்னை வாங்கி டிஜிட்டலில் அச்சிட்ட லேபிளை ஒட்டினார்கள். ஒரு முறை காய்ச்சியதற்கு ஒரு படம், அடுத்த முறைக்கு வேறு படம். பாட்டிலின் லேபிள் ஒரு ஜன்னல் அளவு என்றால் டின்னின் லேபிள் நாலு சுவரும் சுற்றிய சித்திரம். மண்டையோடு, விண்வெளிக் குரங்கு, கண்ணாடி போட்ட ஆக்டோபஸ் என்று அந்த அடுக்கு ஒரு காமிக்ஸ் கடைபோல ஆனதற்கு அச்சு இயந்திரமும் ஒரு காரணம்.

டின்னுக்கு இன்னொரு நியாயமும் உண்டு. இதை நான் ரசித்துப் படித்தேன். பீருக்குக் கசப்பைத் தருவது ஹாப்ஸ் என்ற கொடியின் பூ. அந்தக் கசப்புப் பொருள் மேல் வெளிச்சம் பட்டால், பீரில் இயல்பாக இருக்கிற ரைபோஃப்ளேவின் என்ற வைட்டமின் அந்த ஒளியை வாங்கிக் கசப்பு மூலக்கூறை உடைக்கிறது. உடைந்த துண்டு கந்தகத்தோடு சேர்ந்து ஒரு நாற்றப் பொருளாகிறது. ஸ்கங்க் என்ற அமெரிக்க விலங்கு எதிரியின் மேல் பீய்ச்சும் திரவத்தில் இருப்பவற்றுக்கு இது நெருங்கிய உறவு. ஒரு லிட்டரில் சில நானோகிராம், அதாவது ஒரு கிராமை நூறு கோடி பங்காக்கினால் அதில் சில பங்கு, இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். பழுப்புக் கண்ணாடி இந்தக் கேடு செய்யும் நீல ஒளியையும் புற ஊதாவையும் பெரும்பாலும் தடுத்துவிடும். பச்சைக் கண்ணாடி அவ்வளவாகத் தடுக்காது. நிறமற்ற கண்ணாடி தடுப்பதே இல்லை. ஆக, சூப்பர் மார்க்கெட்டின் பிரகாசமான விளக்குக்குக் கீழே பச்சைப் பாட்டிலிலும் வெள்ளைப் பாட்டிலிலும் அழகாக நிற்கிற பீர், அழகுக்காகத் தன் சுவையைப் பணயம் வைத்து நிற்கிறது. வெள்ளைப் பாட்டில்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிற சில ஆலைகள் ஹைட்ரஜன் ஏற்றிய, ஒளிக்கு உடையாத ஹாப்ஸ் சாற்றைப் பயன்படுத்துகின்றன. உடைக்கு ஏற்ப உடம்பைத் தைத்த கதை.

உறை வேறு, உள்ளே இருப்பது வேறு என்று நாம் நினைக்கிறோம். மூளை அப்படி நினைப்பதில்லை. 2001இல் பிரான்சின் போர்தோ நகரத்தில் ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேரிடம் ஒரு வெள்ளை ஒயினையும், அதே வெள்ளை ஒயினில் வாசனையற்ற சிவப்புச் சாயம் கலந்ததையும் கொடுத்தார்கள். சாயம் கலந்ததை அவர்கள் சிவப்பு ஒயினுக்கே உரிய வாசனைச் சொற்களால் வர்ணித்தார்கள். சாதாரணக் குடிகாரர்கள் இல்லை, அதையே படித்துக்கொண்டிருந்தவர்கள். 2008இல் கலிபோர்னியாவில் 20 பேரை மூளை ஸ்கேனருக்குள் படுக்கவைத்து ஒரே ஒயினை ஒரு முறை 10 டாலர் என்றும் இன்னொரு முறை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 என்று சொன்னபோது அதிகம் பிடித்திருந்தது என்றார்கள். அதில் பொய் இல்லை, இன்பத்தைக் கணக்கிடும் நெற்றிப்புற மூளைப்பகுதி உண்மையிலேயே அதிகமாக வேலை செய்தது. பிறகு விலையைச் சொல்லாமல் கொடுத்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போனது. பாட்டிலின் எடையும் இந்தக் கூட்டணியில் சேரும். ஒயினின் காலிப் பாட்டில் 300 கிராமிலும் இருக்கிறது, 900 கிராமிலும் இருக்கிறது, உள்ளே எப்போதும் அதே 750 மில்லி. ஆக்ஸ்ஃபோர்டில் சார்ல்ஸ் ஸ்பென்ஸின் ஆய்வுக்குழு கடையில் இருந்த பாட்டில்களை எடை போட்டுப் பார்த்தபோது விலை ஏற ஏறக் கண்ணாடியின் கனமும் ஏறியது தெரிந்தது. கை, கனத்தைத் தரம் என்று மொழிபெயர்த்துக்கொள்கிறது.

இந்த விஷயத்தில் லெஸ்டருக்கே ஒரு பெருமை உண்டு. 1997இல் லெஸ்டர் பல்கலைக்கழக உளவியலாளர்கள் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் ஒயின் அடுக்குக்கு மேலே ஒரு நாள் பிரெஞ்சு இசையும் மறுநாள் ஜெர்மன் இசையுமாக மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டார்கள். பிரெஞ்சு இசை ஒலித்தபோது பிரெஞ்சு ஒயின் 40 பாட்டில், ஜெர்மன் ஒயின் 8 பாட்டில் விற்றது. ஜெர்மன் இசையின்போது ஜெர்மன் 22, பிரெஞ்சு 12. வாங்கியவர்களைக் கேட்டபோது இசையால்தான் அதை எடுத்தேன் என்று ஒப்புக்கொண்டவர்கள் மிகச் சிலர்.

இதுவரை சொன்னதெல்லாம் எந்தச் சரக்குக்கும் பொருந்தும். ஷாம்பு பாட்டிலும் பளபளக்கிறது, சாக்லேட்டும் தங்கத்தாள் சுற்றியிருக்கிறது. மதுவின் உறை வேறுபடும் இடம் ஒன்று இருக்கிறது, குடிக்காதவனுக்கு அது தெரியவே தெரியாது.

1990களில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளின் மூளையில் டோபமின் சுரக்கும் நரம்புகளைக் கவனித்தார். எதிர்பாராமல் பழச்சாறு நாக்கில் பட்டதும் அந்த நரம்புகள் துடித்தன. அடுத்து, சாறு வருவதற்கு முன் ஒரு விளக்கோ ஒலியோ வரும்படி செய்தார். சில நாள் பழகியதும் துடிப்பு இடம் மாறியது. சாறு வரும்போது துடிப்பு இல்லை. அறிகுறி வந்த உடனேயே துடித்தது. மூளையின் எதிர்பார்ப்பு பொருளை விட்டுவிட்டு அதன் அடையாளத்தைப் பிடித்துக்கொண்டது. பாட்டிலும் அதன் நிறமும் மூடி திறக்கும் சத்தமும்தான் குடிப்பவருக்கு அந்த விளக்கு. ஒரு மிடறு உள்ளே போவதற்கு வெகு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு சொல்லைக் காட்டி அது எந்த மையில் அச்சாகியிருக்கிறது என்று மட்டும் சொல்லச் சொல்வார்கள். 'நாற்காலி' நீல மையில் இருந்தால் 'நீலம்' என்று சட்டென்று சொல்லிவிடலாம். அதிகம் குடிப்பவர்களிடம் மது தொடர்பான சொற்களைக் காட்டினால் நிறத்தைச் சொல்ல அவர்களுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகிறது. சொல்லே அவர்களைப் பிடித்து நிறுத்துகிறது. எனக்கு 'விஸ்கி'யும் 'நாற்காலி'யும் ஒன்றுதான்.

ஆகவே நான் அந்த அடுக்கின் முன் அழகாக ரசித்துக்கொண்டு நின்றதில் என் திட மனத்துக்கு ஒரு பங்கும் இல்லை. எனக்கு நண்பர் ஒருவர் இருக்கிறார். குடியை விட்டுப் பல ஆண்டு ஆகிவிட்டது. இப்போது அவர் இருக்கும் வெளிநாட்டு ஊரிலும் மது மளிகைக் கடையில்தான் விற்கிறது. "நீ தயிர் வாங்கப் போறே. நான் தயிர் வாங்கப் போகும்போது வழியில் முப்பது பேர் என் பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்கப்பா" என்று ஒரு தடவை தொலைபேசியில் சொன்னார். எனக்குக் கண்காட்சியாக இருக்கிற அதே வரிசை அவருக்கு அப்படி. மூக்கில் வாசனை படவேண்டிய அவசியம்கூட இல்லை, ஒரு பச்சை நிறம் போதும். ஆல்கஹால் இல்லாத பீர் அதே பச்சையில், அசல் பீரின் அதே சின்னத்தோடு, 'பூஜ்யம்' என்ற எழுத்தோடு அடுக்கில் நிற்கும்போது அதை நல்ல மாற்று என்று பாராட்டுவதா, விளக்கு மட்டும் எரிகிறது சாறு பிறகு வரும் என்று எடுத்துக்கொள்வதா? குடியை விட உதவியது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் நம் ஊர்த் தொலைக்காட்சியில் விஸ்கியின் பெயரில் சோடா விளம்பரம் பார்த்து வளர்ந்தவனுக்குச் சந்தேகம் எளிதில் போகாது.

சரி, பாட்டிலின் அழகு ஒரு பக்கம். அது எங்கே நிற்கிறது என்பது அதைவிடப் பெரிய பக்கம். சூப்பர் மார்க்கெட்டில் ஒவ்வொரு வரிசையின் கோடியிலும், நாம் திரும்பும் முனையில் தனியாக ஓர் அடுக்கு இருக்கும். வண்டியைத் திருப்பும்போது வேகம் குறையும், எதிரே அதுதான் நிற்கும். 2014இல் வெளியான ஓர் ஆய்வு இங்கிலாந்தின் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் விற்பனைக் கணக்கை எடுத்து, விலைக் குறைப்பு போன்றவற்றின் தாக்கத்தைக் கழித்துப் பார்த்தது. முனையில் வைத்ததால் மட்டும் பீர் விற்பனை 23 சதவீதமும் ஒயின் 34 சதவீதமும் விஸ்கி, ஜின் வகையறா 46 சதவீதமும் கூடியிருந்தன. விலையை 4 முதல் 9 சதவீதம் குறைத்தால் கிடைக்கிற பலனுக்கு இது சமம் என்று கணக்கிட்டார்கள். யாருக்கும் ஒரு காசு தள்ளுபடி கொடுக்காமல், பாட்டிலைப் பத்தடி நகர்த்தியதற்கு.

2022 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. கொழுப்போ சர்க்கரையோ உப்போ மிகுந்த சாக்லேட், கேக், சிப்ஸ், சர்க்கரைப் பானம் போன்றவற்றைப் பெரிய கடைகள் வாசலிலும் வரிசை முனையிலும் பணம் கட்டும் இடத்திலும் வைக்கக்கூடாது. குழந்தைகளின் உடல் பருமனைக் குறைக்கக் கொண்டுவந்தது. நல்ல சட்டம்தான். மது அந்தப் பட்டியலில் இல்லை. சாக்லேட் எழுந்துபோன முனையில் விஸ்கி உட்காரலாம், சட்டம் கேட்காது.

கேட்காமல் விட்ட இன்னொன்று லேபிளின் பின்புறம். தயிர் டப்பாவைத் திருப்பிப் படித்தேன். கொழுப்பு எவ்வளவு, புரதம் எவ்வளவு, உப்பு எத்தனை கிராம், நூறு கிராமுக்கு எத்தனை கலோரி, எல்லாம் பொடி எழுத்தில் இருக்கிறது. பிஸ்கட்டில் சேர்த்த பதினேழு பொருள்களின் பெயரும் இருக்கிறது. ஒயின் பாட்டிலைத் திருப்பினால் மலைச்சரிவில் விழும் மாலை வெயிலைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் கொண்டுவந்த உணவு லேபிள் விதி, 1.2 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள பானங்களுக்குப் பொருள் பட்டியலிலிருந்தும் ஊட்டச்சத்து அட்டவணையிலிருந்தும் விலக்கு அளித்தது. ஒன்றியத்தை விட்டு வெளியே வந்த பிறகும் பிரிட்டன் அந்த விலக்கைப் பத்திரமாக வைத்துக்கொண்டது. ஒன்றியமோ 2023 டிசம்பரிலிருந்து ஒயினுக்கு மட்டும் விலக்கை நீக்கியிருக்கிறது, அதிலும் பொருள் பட்டியலை க்யூஆர் கோடுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளலாம்.

கணக்கை நாமே போட்டுக்கொள்ளலாம். 13 சதவீத ஒயின், 750 மில்லி. அதில் சுத்த ஆல்கஹால் 97.5 மில்லி. எடையில் ஏறக்குறைய 77 கிராம். ஆல்கஹால் ஒரு கிராமுக்கு 7 கலோரி. ஆல்கஹாலிலிருந்து மட்டும் ஏறக்குறைய 540 கலோரி, தோராயமாகப் பத்து இட்லி. பத்து இட்லி சாப்பிட்டவனுக்கு அது தெரியும்.

கலோரியோடு விட்டாலும் பரவாயில்லை. நாம் குடிக்கும் எத்தனாலை ஈரல் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக மாற்றுகிறது, பிறகுதான் தீங்கற்ற அசிடேட்டாக. இடையில் வருகிற அந்த அசிட்டால்டிஹைடு மரபணுவைச் சிதைக்கக்கூடியது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், ஈரல், பெருங்குடல், பெண்களின் மார்பகம் என்று ஏழு இடங்களின் புற்றுநோயோடு மதுவுக்குத் தொடர்பு உறுதியாகியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது 1988இல். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு அதே பிரிவில் சேர்ந்தது புகையிலைப் புகை.

அந்தப் புகையிலை லெஸ்டர் கடையில் எங்கே இருக்கிறது தெரியுமா? ஒரு மேசைக்குப் பின்னால், மூடிய கதவுக்குள். இங்கிலாந்தின் பெரிய கடைகளில் 2012 ஏப்ரலிலிருந்து சிகரெட்டைக் கண்ணில் படும்படி வைக்கக்கூடாது. கேட்டு வாங்கினாலும் பெட்டிக்கு நிறமோ சின்னமோ கிடையாது. ஆஸ்திரேலியா 2012 டிசம்பரில் முதலில் இந்த வேலையைச் செய்தபோது, ஆய்வு நடத்தி மக்களுக்கு மிகவும் அருவருப்பான நிறம் எது என்று கண்டுபிடித்தார்கள். சாக்கடைச் சேறு மாதிரி ஒரு பழுப்புப் பச்சை. பின்னால் வந்த பிரிட்டனின் பெட்டியும் ஏறக்குறைய அதே சேறுதான். ஒரே கடை, ஒரே முதல் பிரிவு. ஒன்று சேற்று நிறத்தில் கதவுக்குப் பின்னால், மற்றொன்று ஸ்ட்ராபெரியும் புதினா இலையுமாக ஆறு வயதுப் பையனின் கைக்கு எட்டும் உயரத்தில்.

பையனிடம் வருகிறேன். 1991இல் அமெரிக்காவில் 3 முதல் 6 வயதுக் குழந்தைகளிடம் சின்னங்களைக் காட்டி, பொருளோடு பொருத்தச் சொன்னார்கள். ஆறு வயதுக் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் ஒரு கார்ட்டூன் ஒட்டகத்தைச் சிகரெட்டோடு சரியாகப் பொருத்தினார்கள். மிக்கி மவுஸை அடையாளம் கண்டதும் ஏறக்குறைய அதே அளவில்தான். குழந்தைக்கு விற்கவேண்டும் என்ற எண்ணம் அந்தச் சிகரெட் நிறுவனத்துக்கு இருந்ததா இல்லையா என்ற வழக்கு வேறு. குழந்தையின் கண்ணுக்கு நோக்கம் தெரியாது, ஒட்டகம்தான் தெரியும். பிரிட்டனில் 1995இல் எலுமிச்சைச் சுவையில் ஹூச் என்ற இனிப்பு மது வந்து பெரிய சர்ச்சையானது. அடுத்த ஆண்டே மது நிறுவனங்கள் நடத்துகிற போர்ட்மன் குழுமம், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைக் குறிப்பாகக் கவரும் உறை கூடாது என்று விதி எழுதியது. 2017இல் வேல்ஸ் நாட்டின் டைனி ரெபல் என்ற ஆலையின் டின்னில் இருந்த கரடிப் பொம்மையும் சுழலும் வண்ணங்களும் அந்த விதியை மீறுவதாக அதே குழுமத்தின் நடுவர் குழு முடிவு செய்தது, ஆலை படத்தை மாற்றியது. 'குறிப்பாக' என்ற சொல்லில்தான் வழக்கு முழுவதும் நிற்கிறது. பெரியவரையும் சிறுவரையும் ஒரேபோல் கவருகிற ஸ்ட்ராபெரிக்கு அந்த விதியில் இடம் உண்டு.

கண்ணைக் கவரும் வித்தையை எதிர்ப்பக்கமாகவும் பயன்படுத்தலாம். கனடாவின் யூகோன் பிரதேசத்தில், வைட்ஹார்ஸ் நகரத்து அரசு மதுக்கடையில், 2017 நவம்பரில் பாட்டில்களின் மேல் பளிச்சென்ற மஞ்சள் நிற, சிவப்பு ஓரம் போட்ட லேபிள்களை ஒட்டினார்கள். மது புற்றுநோய் உண்டாக்கும் என்று ஒன்று, ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் வேண்டாம் என்று ஒன்று. மஞ்சளும் சிவப்பும் எதற்குப் பயன்படும் என்று மது நிறுவனங்களுக்குத் தெரியாதா? ஒரு மாதத்துக்குள் அவர்கள் எதிர்ப்புக் கிளம்பி ஆய்வு நிறுத்தப்பட்டது. பிறகு தொடங்கியபோது புற்றுநோய் லேபிள் மட்டும் திரும்பி வரவில்லை. இருந்தும், லேபிள் ஒட்டிய மதுவின் விற்பனை தலைக்கு 6.6 சதவீதம் குறைந்தது என்று ஆய்வின் முடிவு சொன்னது. நம் ஊர்ப் பாட்டிலிலும் குடி குடியைக் கெடுக்கும் என்று எழுதியிருந்தார்கள். அதன் எழுத்தின் அளவையும் நிறத்தையும் தீர்மானித்தவர் யார் என்பதைப் பொறுத்தது அதன் பலன்.

அயர்லாந்து இந்த விஷயத்தில் கொஞ்சம் துணிந்தது. அங்கே 2020 நவம்பர் 12 முதல் மளிகையும் மதுவும் சேர்த்து விற்கும் கடைகள் மதுவைத் தனியாகப் பிரித்து வைக்கவேண்டும். பிரிக்கும் தடுப்பு குறைந்தது 1.2 மீட்டர் உயரம் இருக்கவேண்டும் என்பது ஒரு வழி. ஏழு வயதுக் குழந்தையின் உயரம் ஏறக்குறைய அவ்வளவுதான். கடை மூடவில்லை, விற்பனை நிற்கவில்லை. தயிருக்குப் போகிறவர் மது வரிசை வழியாகப் போகவேண்டியதில்லை, அவ்வளவுதான். என் நண்பருக்கு அந்தத் தடுப்பு என்ன மதிப்புடையது என்று அவரைக் கேட்டால் தெரியும்.

மதுவுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பையும், ஈரல் நோயையும், கலோரியையும் ஒவ்வொரு பாட்டிலிலும் அச்சிடவேண்டும் என்ற விதியிலும் அயர்லாந்து அரசு 2023 மே மாதம் கையெழுத்திட்டது. 2026 மே 22இல் அது நடப்புக்கு வந்திருக்கவேண்டும். ஏற்றுமதி வணிகம் நிச்சயமற்றிருக்கிறது என்று காரணம் சொல்லி, 2025 ஜூலையில் அதை 2028 செப்டம்பருக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள்.